வாலிப அன்பர்களுக்கு யாரும் சொல்லாதது

‘மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை...’ விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே, கேட்டிருப்பீர்கள். நான் பி.காம். படித்தவன். அபாயம் இருந்தால் காசை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் முதல் தர்மம். மாசம் ஐந்நூறு ரூபாய் போடுகிறவருக்கே இந்த மரியாதை உண்டு.

அபாயத்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டு பிறந்த பையனுக்கு?

அரிவாள் செல் சோகை. சிக்கிள் செல் அனீமியா என்றால் இன்னும் எளிதாகப் புரியும். பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் பரம்பரை நோய். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, குழாய்களில் சிக்கிக்கொள்ளும். எங்கோ ஆப்பிரிக்காவில் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் இதை முதலில் கண்டுபிடித்துப் பதிவு செய்தது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். வருஷம் 1952.

இந்த நோயால் மூட்டு வலிக்கும், மூச்சு திணறும், பக்கவாதம்கூட வரும் என்று சொல்கிறார்கள். ஆண்களுக்கு இன்னொன்றும் வரும். அதைச் சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் கூசுகிறது. ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஆண்குறி விறைத்து, வலியெடுத்து, மணிக்கணக்கில் அடங்காமல் நிற்கும். டாக்டர்கள் பிரியாபிசம் என்கிறார்கள்.

சிரிக்காதீர்கள். உள்ளே போன ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்குகிறது. பிராணவாயு தீர்கிறது. அதற்குப் பிறகு அங்கே தசை செத்துக்கொண்டிருக்கிறது. மாரடைப்பில் இதயத்துக்கு நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பழைய நிலைமைக்குத் திரும்புவது ரொம்பக் கஷ்டம். ஆண்மை நிரந்தரமாகப் போகலாம்.

2002-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வின் கணக்கைப் பாருங்கள். இந்த நோயுள்ள 130 ஆண்களைக் கேட்டார்கள். 35 சதவீதம் பேருக்கு இது வந்திருந்தது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு முதல் தடவை வந்தது 20 வயதுக்கு முன்னால். சராசரி வயது 15. ஐந்தில் ஒருவருக்கு ஆண்மைக் குறைவு. இன்னும் வராதவர்களில், இப்படி ஒன்று வரக்கூடும் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை!

என் கோபம் அந்தக் கடைசி எண் மேல்தான்.

ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. பத்தாம் வகுப்பு. கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, வெளியே குளிர். அதனால் ராத்திரி தண்ணீர் குடிக்க மாட்டான், வந்த சிறுநீரையும் அடக்கிக்கொண்டு படுப்பான். நடுராத்திரி வலியில் விழிக்கிறான். வார்டனிடம் என்ன சொல்வான்? ‘வயிறு வலிக்குது சார்’ என்பான். அவரும் ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்வார். விடிவதற்குள் ஐந்து மணி நேரம் போயிருக்கும்.

அவனுக்கு அபாயம் தரும் பட்டியலில் பாதி இந்தக் காட்சியிலேயே இருக்கிறது. தூக்கம், உடம்பில் நீர் வற்றுவது, நிறைந்த சிறுநீர்ப்பை, குளிர். இத்தோடு காய்ச்சல், நீண்ட நேர உடலுறவு, மது, கஞ்சா. சில மனநோய் மாத்திரைகள். மெடிக்கல் ஷாப்பில் கூச்சமில்லாமல் கிடைக்கும் ‘வீரிய’ மாத்திரைகள். ரத்தத்திலேயே சில அடையாளங்கள் உண்டு. சிவப்பணுக்கள் வேகமாக உடைகிறவர்களுக்கு, அதாவது ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவாகவும் பிலிருபின் அதிகமாகவும் இருப்பவர்களுக்கு, வாய்ப்பு அதிகம். அரை மணி, ஒரு மணி நேரம் வந்து தானாக அடங்குவதும் பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். ‘சரியாப் போச்சு’ என்று விட்டுவிடக் கூடாது.

‘இதையெல்லாம் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா?’ என்று கேட்கப் போகிறீர்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்கள். ‘வாலிப, வயோதிக அன்பர்களே’ என்று கூப்பிட்டு, எந்த ஊரில், எந்த லாட்ஜில், எந்தத் தேதியில் டாக்டர் வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அது குடும்பத்தோடு படிக்கக்கூடியதா? எழவில்லை என்றால் ஆயிரம் விளம்பரம். அடங்கவில்லை என்றால் ஒரு வரி கிடையாது. முன்னதில் பணம் இருக்கிறது. பின்னதில் ஒரு ஏழைப் பையன் மட்டும்தான் இருக்கிறான்.

2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசம் ஷாஹ்டோலில் பிரதமர் ஒரு தேசியத் திட்டம் தொடங்கி வைத்தார். 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது இலக்கு. 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, ஆளுக்கொரு கார்டு, கார்டைப் பொருத்திப் பார்த்துக் கல்யாணம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிறக்கப் போகும் குழந்தைக்கு இத்தனை யோசித்தவர்கள், ஏற்கெனவே பிறந்து பதினைந்து வயதில் நிற்கும் பையனுக்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டாமா?

என்ன சொல்ல வேண்டும்? ரொம்ப எளிது. வலியோடு விறைப்பு வந்தால் தண்ணீர் குடி. சிறுநீர் கழி. நட. வெந்நீரில் குளி. ஐஸ் வைக்காதே, குளிர் நிலைமையை மோசமாக்கும். இரண்டு மணி நேரம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான்கு மணி நேரம் என்பது எமர்ஜென்சி. அங்கே தேங்கிய ரத்தத்தை ஊசியால் உறிஞ்சி, ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து போடுவார்கள். முக்கியமாக, இது உன் தப்பு இல்லை, கெட்ட பழக்கத்தால் வந்ததும் இல்லை.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பரிசோதனை முகாமில் ஒரு ஆண் ஊழியர், பையன்களைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லலாம். வார்டனுக்கும் கிராமத்து நர்ஸுக்கும் அதே ஒரு நிமிஷம். அரசு அச்சடிக்கும் நோட்டீஸில் நாலு வரி. புது பட்ஜெட் எதுவும் வேண்டாம்.

நீங்கள் டாக்டரோ, ஆசிரியரோ, மருந்துக் கடைக்காரரோ என்றால், நாளைக்கு ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு ‘வயிறு வலி’ என்று வரலாம். தயவுசெய்து இன்னொரு கேள்வி கேளுங்கள்.