மோட்டார் சுத்துது... கார் நகர மாட்டேங்குது!

அக்கா மகனுக்கு 9 வயசு. அவன் அப்பா துபாயிலிருந்து லீவுக்கு வந்தப்போ வாங்கிட்டு வந்த ரிமோட் கார்தான் அவனுக்கு உசுரு. போன வாரம் அந்தக் கார், கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு டப்பாவுக்குள் ஒளிஞ்சிருந்தது. "ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அப்பா ஓட்டிக் காட்டச் சொல்வாரு சித்தி..." என்று கண்ணைக் கசக்கினான்.

கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்கவில்லை. "மோட்டார் போச்சு, மாத்தணும்" என்றார்கள். ஆனால், ட்ரிக்கரை அழுத்தினால் 'உய்ய்ங்' என்று சத்தம் நல்லாவே வருது. சுத்துற மோட்டார் எப்படிங்க செத்த மோட்டார் ஆகும்? காரைத் திருப்பி வாங்கிட்டு வந்துட்டோம்.

முதல் வேலை, பேட்டரியைக் கழட்டுறது. கியருக்குள் விரல் இருக்கும்போது யாராவது ரிமோட்டைத் தொட்டால் அவ்வளவுதான். அப்புறம் கியர் மூடியைத் திறந்தோம். மோட்டார் தண்டின் நுனியில் ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கும், அதுக்குப் பேர் பினியன். அதைத் தண்டோடு பிடிச்சு வைக்கிறது எறும்பு சைஸ் கிரப் ஸ்க்ரூ ஒண்ணே ஒண்ணு. அதிர்வில் அது தளர்ந்துபோய், தண்டு மட்டும் தனியா சுத்திட்டு இருந்தது. இதுக்குத்தான் புது மோட்டாராம்!

தண்டின் ஒரு பக்கம் தட்டையா இருக்கும். ஸ்க்ரூ அந்தத் தட்டையில்தான் உட்காரணும். எங்க காரில் உருண்டைப் பக்கத்தில் இருந்தது. ஸ்க்ரூவைக் கழட்டி, எண்ணெய்ப் பிசுக்கு போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, நீல நிற த்ரெட் லாக்கர் ஒரே ஒரு சொட்டு விட்டு முடுக்கினோம். சிவப்பு வேண்டாம். அதைத் திரும்பக் கழட்ட நல்லா சூடு காட்டணும், பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் உருகிடும். நீலமும் இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு மட்டும்தான். சில பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். முக்கியமா, தேய்ஞ்சுபோன ஆலன் கீயை வெச்சு முறுக்காதீங்க. ஸ்க்ரூவின் குழி வழுக்கிட்டா அப்புறம் அழுகைதான்.

அடுத்ததுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பினியனும் அதோடு சேரும் பெரிய பல்சக்கரமும் எவ்வளவு நெருக்கமா இருக்கணும்? நோட்டுப் பேப்பரில் ஒரு துண்டு கிழிச்சு இரண்டுக்கும் நடுவில் விட்டு, மோட்டாரை நெருக்கி அழுத்தி, அதன் ஸ்க்ரூக்களை முடுக்கினோம். அப்புறம் சக்கரத்தைச் சுத்தினால் பேப்பர் வெளியே வரும். மடிப்பு மடிப்பா, கிழியாமல் வந்தால் சரி. கிழிஞ்சு வந்தால் ரொம்ப இறுக்கம், மோட்டார் சூடாகும். இடைவெளி அதிகமானால் கடகடன்னு சத்தம் போட்டு, பெரிய சக்கரத்தின் பல்லே போயிடும். எங்களுக்கு மூணாவது தடவைதான் சரியா வந்தது.

த்ரெட் லாக்கர் முழுசாப் பிடிக்க 24 மணி நேரம் ஆகும். நாங்க முடிச்சது சனிக்கிழமை மதியம். அன்னிக்கு ராத்திரி அவன் நாலு தடவை எழுந்து காரைப் பார்த்ததாக அக்கா சொன்னாள்.

ஞாயிறு சாயந்திரம் போனைத் தரையில் சாய்ச்சு வெச்சோம். கார் சர்ருனு வந்து போன் மேலேயே முட்டியது. மாமா சிரிச்சுட்டு, "டேய், பின்னாடி வலது வீல் ஆடுற மாதிரி இருக்கே?" என்றார்.

ஆடத்தான் செய்தது. வீல் நட்டு தளர்ந்திருந்தது. அதுக்குப் பின்னால் அச்சில் ஒரு குட்டி பின் இருக்கும். அது விழுந்துட்டா அந்த வீல் அச்சோடு சேர்ந்து சுத்தாது. நல்லவேளை, பின் இருந்தது. நான் சொல்றதுக்குள்ள பையன் பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்பேனரோடு உட்கார்ந்துட்டான்.