மாரடைப்பு நெட்வொர்க் லிஸ்ட் பார்த்து வராது

1/ நாகர்கோவிலில் நெஞ்சுவலியோட ஒருத்தரைக் கொண்டு வந்தா, கூட வந்தவங்க முதலில் கேட்கிறது: "டாக்டர், இங்க கார்டு எடுக்குமா?" உயிர் பிழைப்பாரான்னு கேட்கிறது அதுக்கு அப்புறம்தான். இந்த நிலைமைக்குக் கொண்டு வந்தவங்களோடதான் இன்னைக்கு என் சண்டை.

2/ பெரிய மாரடைப்புன்னா, ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட 90 நிமிஷத்துக்குள்ள அடைப்பைத் திறக்கணும். தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும்.

3/ கார்டு எடுக்கணும்னா ஆஸ்பத்திரி எம்பேனல் ஆகியிருக்கணும். முதலமைச்சர் காப்பீடோ தனியார் பாலிசியோ, கேத் லேப் காட்டணும், தகுதியுள்ள இதய நிபுணரைக் காட்டணும். காட்டட்டும். போலி டாக்டர் கையில் யாரும் மாட்டக் கூடாது. சோதனையே வேண்டாம்னு நான் சொல்லலை.

4/ ஒரே ஆளை எத்தனை தடவை சோதிப்பீங்க? எம்பிபிஎஸ், எம்டி, டிஎம் எல்லாம் மெடிக்கல் கவுன்சிலில் பதிவாகியிருக்கு. அதே சான்றிதழ் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி நகல். டாக்டர் ஆஸ்பத்திரி மாறினா, புது இடத்துக்கு மறுபடி முதலிலிருந்து. நேத்து வரை அவர் வச்ச ஸ்டென்ட்டுக்குப் பணம் கொடுத்தீங்க. ரெண்டு தெரு தள்ளிப் போனதும் படிச்ச படிப்பு மறந்துபோச்சா?

5/ சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி லிஸ்டில் இல்லைன்னா பக்கத்திலேயே இன்னொண்ணு இருக்கும். பூதப்பாண்டிக்காரருக்கு? ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கு, ஆனா மொத்த மாவட்டமும் ஒரே வாசலில் நிக்க முடியாது. அடுத்தது திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ., அந்த நெரிசல் ரோட்டில்.

6/ 2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் உடனே கொடுத்து அனுப்புறாங்க. நல்ல திட்டம். அங்க மிச்சம் பிடிச்ச நேரத்தை இங்க இன்சூரன்ஸ் கவுண்டரில் தொலைக்கிறோம்.

7/ 2024 மே மாசம் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டுச்சு: கேஷ்லெஸ் கேட்டா 1 மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரம். லிஸ்டில் இல்லாத ஆஸ்பத்திரிக்கும் கேஷ்லெஸ்னு கம்பெனிகளே அதே வருஷம் ஜனவரியில் அறிவிச்சாங்க. ஆனா கவுண்டரில் இன்னமும் வர்ற பதில், "இப்போ கட்டுங்க, அப்புறம் கிளெய்ம் பண்ணுங்க." அந்த 'இப்போ'வுக்குத்தான் வீட்டு நகை அடகுக்குப் போகுது.

8/ "மோசடி நடக்குமே"ம்பாங்க. ஆஞ்சியோ சிடியும் ஸ்டென்ட் ஸ்டிக்கரும் கிளெய்ம் ஃபைலோடதானே வருது? அதைப் போட்டுப் பாருங்க. தேவையில்லாம ஸ்டென்ட் வச்சவன் அதில்தான் மாட்டுவான், டிகிரி ஜெராக்ஸில் மாட்ட மாட்டான்.

9/ நான் கேட்கிறது மூணு. டாக்டர்களுக்கான தேசியப் பதிவேடு ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் ஏற்கெனவே இருக்கு. அதில் ஒரு தடவை சரிபார்த்தா எல்லா கம்பெனியும் ஏத்துக்கணும். எம்பேனல் விண்ணப்பத்துக்குக் கெடு வேணும். கெடு தாண்டினா தற்காலிக அனுமதி தானா வரணும். மாரடைப்புக்கு லிஸ்ட் பார்க்கவே கூடாது.

10/ அதுவரைக்கும் நீங்க: நெஞ்சுவலின்னா கார்டைத் தேடாதீங்க, கேத் லேப் இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. தனியார் பாலிசி இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க. மறுத்தா, காரணத்தை எழுத்தில் வாங்குங்க. அந்தக் காகிதத்தோட இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் வரைக்கும் போகலாம்.