இளநிறங்களில் ஒரு கிறிஸ்துமஸ் வீடு



தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டின் நடுவில் அவருடைய மாமனார் காலமாகிவிட்டார். "ஆண்டு நினைவு வருமுன் வீட்டில் அலங்காரம் எதற்கு?" என்கிறார் மாமியார். பிள்ளைகளோ பக்கத்து வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "நம் வீட்டில் எப்போது?" என்று தினமும் கேட்கிறார்கள். "பளபளக்கும் சிவப்பையும் பச்சையையும் தொங்கவிட எனக்கே மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகளின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, நடுவழி ஒன்று இருக்கிறது. ஆரவாரமான நிறங்களை ஒதுக்கிவிட்டு, இளநிறங்களில் வீட்டை அலங்கரித்துப் பாருங்கள். கண்ணை உறுத்தாது, மனத்தையும் உறுத்தாது. துக்கம் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். சிறிய வீடு, சிறிய வருமானம், இருட்டான முன்னறை என்றால் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

இளநிறம் என்றால் என்ன?

எந்த நிறத்தோடும் வெள்ளையை நிறையச் சேர்த்தால் கிடைப்பதுதான் இளநிறம். சிவப்பு ரோஸ் ஆகும். ஊதா கத்தரிப்பூ நிறமாகும். பச்சை வாழைக்குருத்தைப் போலாகும். மஞ்சள் சந்தனத்துக்குப் பக்கத்தில் வரும்.

"பண்டிகைக்கு வெளிறிய நிறமா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நம்மவர்களுக்கு வெள்ளை என்றால் துக்கத்தின் நினைவு வருவது இயல்புதான். ஆனால் கத்தோலிக்க ஆலயங்களில் கிறிஸ்துமஸ் திருப்பலிக்குக் குருவானவர் அணிவது வெள்ளை உடை. அங்கே வெள்ளை மகிழ்ச்சியின் நிறம். திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளுக்கும் ஊதா நிறம் உரியது. அவற்றில் மூன்றாம் ஞாயிறுக்கு மட்டும் ரோஸ் நிறமும் உண்டு. ஆகவே இந்த நிறங்கள் நேற்று வந்த நாகரிகம் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு நிறம் போதும்

ஐந்தாறு நிறங்களைச் சேர்த்தால் வீடு மிட்டாய்க் கடைபோல் ஆகிவிடும். வெள்ளையோடு இரண்டு நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். ரோஸும் இளநீலமும் நல்ல சோடி. கத்தரிப்பூ நிறமும் சந்தன நிறமும் இன்னொரு சோடி. கடையில் பார்த்த நிறம் வீட்டு விளக்கில் வேறு மாதிரி தெரியும். மஞ்சள் ஒளி விளக்கில் இளநீலம் மங்கிப்போகும், ரோஸும் சந்தனமும் எடுப்பாக இருக்கும். அதனால் முதலில் ஒரே ஒரு தாள் வாங்கி வந்து, இரவில் விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். பிறகு மீதியை வாங்கலாம்.

சுவருக்குச் சாயம் பூச நினைப்பவர்கள் வாடகை வீடாயினும், தோட்ட வீடாயினும் முதலில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சாயத்தை வாளியில் ஊற்றி, நிறத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். நிறத்தில் வெள்ளையைக் கொட்டத் தொடங்கினால் வாளி நிறைந்தாலும் வேண்டிய நிறம் வராது. சுண்ணாம்பு அடிப்பவர்கள் சிறிது நீலம் கரைத்துச் சேர்த்தால் இளநீலம் கிடைக்கும். சுண்ணாம்பு ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். ஆகவே ஒரு பலகையில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுச் சுவரில் கைவையுங்கள். டிசம்பர் மழைக்காலம். வெயில் உள்ள நாளாகப் பார்த்து வேலையைத் தொடங்குவது நல்லது.

கைக்கெட்டும் பொருள்களே போதும்

வேலியில் சங்குப்பூ கொடி இருக்கிறதா? இருபது பூக்களை ஒரு கிண்ணம் வெந்நீரில் ஊறவையுங்கள். நீலச் சாறு இறங்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து அதில் நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். சாற்றில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் கத்தரிப்பூ நிறம் வரும். இன்னும் கொஞ்சம் விட்டால் ரோஸ் பக்கம் திரும்பும். பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை. இந்த நிறம் நாளாக ஆக மங்கும், தண்ணீர் பட்டால் போகும். பண்டிகை நாள்களுக்கு இது போதுமே!

தீபாவளிக்கு வாங்கிய கோலப்பொடி மீதி இருந்தால், வெள்ளைக் கோலமாவைச் சேர்த்துக் கலக்குங்கள். இளநிறப் பொடி தயார். வாசலில் ஐந்து முனை நட்சத்திரக் கோலம் ஒன்று போடலாம்.

பால்மரத்தடியில் பொறுக்கி வைத்த ரப்பர்க் கொட்டைகளை வீசிவிடாதீர்கள். மேல் தோல் வழவழப்பானது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு வெள்ளையும் ரோஸும் பூசினால் சாயம் பிடித்துக்கொள்ளும். நூலில் கட்டி மரத்தில் தொங்கவிடலாம்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை ஒன்று போதும். அதன் பச்சையே மென்மையானது. இளநிறங்களோடு சண்டை போடாது. மணல் நிரப்பிய டின்னில் நட்டு, மணலை ஈரமாக வைத்திருங்கள். டின்னைச் சுற்றி இளநிறத் துணி கட்டிவிடுங்கள்.

வாசல் நட்சத்திரம்

ஒரே அளவான பத்து மூங்கில் குச்சிகளைச் சீவி எடுங்கள். இரண்டடி நீளம் போதும். ஐந்து குச்சிகளால் ஓர் ஐந்து முனை நட்சத்திரம் கட்டுங்கள். அதே போல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கங்குலக் குச்சி ஒவ்வொன்றை நிறுத்தினால் நட்சத்திரம் உப்பிக்கொள்ளும். மைதா பசை காய்ச்சி மெல்லிய தாள் ஒட்டுங்கள். விளக்கு வைக்கப் பின்பக்கம் சிறிது திறந்திருக்கட்டும்.

இங்கேதான் இளநிறத்தின் இலாபம் தெரியும். அடர்ந்த சிவப்புத் தாள் விளக்கொளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வெளிர் ரோஸ் தாள் வெளியே விடும். ஆகவே சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றே வாசல் முழுவதற்கும் வெளிச்சம் தரும். மெழுகுவத்தியை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். தாளும் மூங்கிலும் நொடியில் பற்றிக்கொள்ளும். மழைச்சாரல் படும் இடமானால் மேலே கண்ணாடி பிளாஸ்டிக் சுற்றிவிடுங்கள். நெளிவுத்தாளை வெளியே தொங்கவிட வேண்டாம். நனைந்தால் சாயம் வடிந்து சுவரில் கறை ஏறும்.

குடிலும் பெரியவர்களும்

இனி, கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டுக் காரியம். உங்கள் மாமியார் நாற்பது ஐம்பது ஆண்டு ஒருவரோடு வாழ்ந்தவர். அவரைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். பிள்ளைகளை முன்னே தள்ளி, அவர் வாயை அடைக்கவும் வேண்டாம். வேலை எல்லாம் முடிந்த ஒரு மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, ஆட்டம் பாட்டம் ஒன்றும் வேண்டாம். குடில் மட்டும் வைப்போமா? நீங்கள் சொல்கிற மாதிரி வைக்கிறேன்" என்று கேளுங்கள்.

குடில் வெறும் அலங்காரம் அல்ல. 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியையும் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்துப் பிறப்பு விழாவைக் கொண்டாடினார். ஏழையின் பிறப்பை ஏழைகள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் எண்ணம். துக்க வீட்டில் குடில் வைப்பது செபம் செய்வதைப் போன்றதுதான். அதில் தவறில்லை.

வைக்கோல் கிடைக்காவிட்டால் காய்ந்த லாலான் புல் போதும். அடியில் விரிக்க வெள்ளைத் துணி வேண்டும். மாமனாரின் சலவை வேட்டி ஒன்று பெட்டியில் இருக்கும். மாமியார் தம் கையால் எடுத்துக் கொடுத்தால் அதையே விரியுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு துணி இருக்கிறது. இரண்டு வெள்ளைப் பூக்கள், கத்தரிப்பூ நிற நாடா ஒன்று, சிறிய விளக்கு ஒன்று. அவ்வளவே. நட்சத்திரத்தைப் பிள்ளைகள் வெள்ளைத் தாளில் செய்யட்டும்.

ஒருவேளை அவர் "இந்த ஆண்டு எதுவுமே வேண்டாம்" என்றே சொன்னால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குடிலைக் கட்டப் பிள்ளைகளை அனுப்புங்கள். அடுத்த கிறிஸ்துமஸ் வராமலா போகும்?

ஜனவரி 6, மூவரசர் திருநாள் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டி, நன்றாகக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் மூடி வையுங்கள். கரப்பான் அரிக்காது. அடுத்த ஆண்டு தாள் வாங்கும் காசு மிச்சம்.

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்.