அழகுபடுத்தப் போகிறார்களாம்!

எங்கள் ஊர்க் குட்டையை அழகுபடுத்தப் போகிறார்களாம். கருமத்தம்பட்டியில் நாலு தறி ஓட்டிப் பிழைக்கும் என் நண்பர் மூச்சிரைக்க வந்து சொன்னார். "சுத்தியும் காங்கிரீட் கரைங்க. நடைபாதை, விளக்கு, பெஞ்சு எல்லாம் வருது. அந்த முள்ளுப் புதர் பூராம் போயிருமுங்க!"

அவருக்கு ஆனந்தம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவர் சொன்ன முள்ளுப் புதர் நீர்முள்ளி. மயில் வசீகரன் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதன் இலையும், ஈரக் கரையில் படரும் பொடுதலையும் சோறு. ஆரஞ்சு நிறச் சிறகு. அதில் மயில்தோகைக் கண். கோடையில் பிறப்பது சிறகை மூடினால் காய்ந்த சருகுதான்! 1758-லேயே லின்னேயஸ் அதற்குப் பெயர் சூட்டிவிட்டார். நாம் இன்னும் அதைப் 'பூச்சி' என்கிறோம்.

"அபூர்வமான ஜாதிங்களா?" என்றார் நண்பர்.

இல்லை ஐயா, சாதாரண ஜாதிதான். அதுதான் என் வழக்கே. 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சி ஆக்கினார்கள், சந்தோஷம். அது மலைக்காட்டுப் பிரஜை. குட்டைக்கரை ஏழைக்கு யார் பரிந்து பேசுவது? அபூர்வமான பிறகுதான் அழுவோம் என்றால், சிட்டுக்குருவிக்கு அழுத அழுகையே போதாதா?

"புதர் இருந்தா கொசு வருமுங்களே?"

கொசுப் புழுவைத் தின்பது தட்டானின் குஞ்சு. நீருக்குள்ளே வளர்ந்து, சிறகு முளைக்கும் நாளில் அது பெரும்பாலும் ஒரு செடித்தண்டைப் பற்றித்தான் மேலே ஏறும். செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொசுவுக்கு மருந்து அடிப்பதற்குப் பெயர் சுத்தமா?

அத்திக்கடவு–அவினாசித் திட்டத்துக்காக நம் மக்கள் ஒரு தலைமுறைக்கு மேல் குரல் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் அது தொடங்கியது. 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி நீர் என்றார்கள். அத்தனை போராடியது குளத்துக்காக. சிமெண்டுத் தொட்டிக்காக அல்ல.

நான் வளர்ச்சிக்கு விரோதி அல்ல. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். ஆகாயத் தாமரையை அள்ளுங்கள். சாக்கடையை மறியுங்கள். ஒரு கரையில் நடைபாதையும் போடுங்கள். நானும் நடக்க வருகிறேன். மறு கரையை மட்டும் நீர்முள்ளிக்கு விட்டுவிடுங்கள்.

இல்லையேல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நம் பேரப் பிள்ளைகளுக்குச் சிமெண்டில் வரைந்த பட்டாம்பூச்சியைத்தான் காட்டுவோம். பணம் மிஞ்சினால் அதையும் வரைவார்கள்!