ஓட்டில் கீறிய பெயர்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டு நகர்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு அது போதுமா?

போதாது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் யாரோ கீறியிருக்கிறார்கள். வகுப்பறையில் உடைந்த பூந்தொட்டி ஓடும் ஓர் ஆணியும் கொடுத்தால், பிள்ளை தன் பெயரைக் கீறிப் பார்க்கும். (ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆணி ஆணிதான்.) இன்றைய வளைந்த ‘ஆ’வைவிடக் கோடுகளாலான பழைய ‘ஆ’ ஓட்டில் எளிதாக விழுவது விரலுக்கே தெரிந்துவிடும். சுடுமண் வட்டச் சில்லுகளும் கீழடியில் கிடைத்தவைதான். ஓட்டை உரசிச் சில்லாக்கினால் பாண்டி ஆடலாம்.

ஓடுகளைப் புதைத்துத் தோண்டி எடுக்கும் அகழாய்வு விளையாட்டும் ஆடலாம், அதற்குப் பள்ளி மைதான மணலே போதும். எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்று நோட்டில் குறிக்கவும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் புதையல் வேட்டை.