பரண்மேல் இருக்கும் மடிக்கணினி



கல்லூரிகள் திறந்துவிட்டன. இந்தப் பருவத்தில் நம் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. திருவக்கரையிலிருந்து ஒரு தாய் கேட்டதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: "பொண்ணு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கா. லேப்டாப் இல்லாம முடியாதுங்கறா. கடையில அறுபதாயிரம் சொல்றாங்க, தவணையில தர்றாங்களாம். அவ அண்ணனுக்கு ஸ்கூல்ல குடுத்தது ஒண்ணு பரண்மேல சும்மா கெடக்குது. அது உதவாதுங்களா?"

உதவும் அம்மா. முதலாண்டுக்குத் தாராளமாக உதவும். கொஞ்சம் செலவு செய்தால் மூன்றாண்டையும் அதிலேயே ஓட்டிவிடலாம். எப்படி என்பதைச் சொல்வதற்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மடிக்கணினி எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் அரசுத் திட்டம். மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பல லட்சம் வீடுகளுக்கு முதல் கணினி அப்படித்தான் வந்தது. கவனிக்காமல் விட்ட ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழ் இடைமுகமும் கொண்டது. பெரும்பாலான பிள்ளைகள் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதே காரணம். பிள்ளைகளைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வந்த அரசு மடிக்கணினிகளில் 2 ஜிபி ராம்தான். ஆகவே அவை விண்டோஸ் வழியில் இனி முன்னே போக முடியாது. லினக்ஸ் வழியில் போகலாம்.

லினக்ஸ் பிறந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 1991 ஜனவரியில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு 386 கணினியைத் தவணையில் வாங்கினார். அதன் நினைவகம் 4 எம்பி. இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களையும் ஆண்ட்ராய்டு கைபேசிகளையும் இயக்கும் லினக்ஸின் முதல் வரிகளை அவர் எழுதியது அதில்தான். உங்கள் பரணிலிருக்கும் 2 ஜிபி அதைப்போல் 512 மடங்கு. நிரல் எழுதக் கற்பதற்கு உங்கள் பரண் கணினி போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். திருவக்கரை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வக்கிரகாளியம்மன் கோயிலும் கல்மரப் பூங்காவும் நினைவுக்கு வரும். நமக்குக் கல்குவாரியும் கிரஷரும் சேர்ந்தே நினைவுக்கு வரும். அந்தக் கல்தூசி கணினிக்கு ஆகாது. காற்று போகும் துளைகளிலும் விசிறியிலும் படிந்து அடைத்துக்கொள்ளும், பிராசசர் சூடேறும், சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "பழசாயிடுச்சு, ஸ்லோவாயிடுச்சு" என்று ஒதுக்கிய கணினிகளில் தூசியால் நின்றவை ஏராளம். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, திறந்து தூசி தட்டி, பிராசசர்மேல் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டு வாங்குங்கள்.

திறந்திருக்கும்போதே இரண்டு காரியம் செய்துவிடலாம். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஹார்டு டிஸ்கில் தட்டு சுழன்று ஊசி தேடி எடுக்க வேண்டியதை எஸ்எஸ்டி உடனே தந்துவிடும். கணினி திறக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கிவிடும். அடுத்து, இடமிருந்தால் ராமை 4 ஜிபி ஆக்குங்கள். சில மாடல்களில் ராம் ஏற்ற இடம் இருக்காது. திறந்து பார்த்த பிறகே வாங்குங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டாம். அண்ணனின் பள்ளிக்காலப் படங்களும் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன்களும் அதில் இருக்கும். யுஎஸ்பி உறை ஒன்று வாங்கிப் போட்டால் சேமிப்புக்கு ஆகும்.

எந்த லினக்ஸ்? என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமில் ஓடும். 4 ஜிபியில் நன்றாகவே ஓடும். அதுவும் திணறினால் லுபுண்டு, அதற்கும் கீழே ஆன்ட்டிஎக்ஸ். மின்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி வரும். கைபேசியின் அன்றாட டேட்டா அதற்குப் போதாது. ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டிலோ கல்லூரியிலோ இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற மென்பொருள் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுதித் தரும். பென் டிரைவைச் செருகி, கணினியைத் திறக்கும்போது எஃப்12 விசையை அழுத்தினால் பெரும்பாலான லெனோவோ மாடல்களில் எதிலிருந்து திறப்பது என்று கேட்கும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எதையும் நிறுவாமல், எதையும் அழிக்காமல், லினக்ஸ் அப்படியே திரையில் வந்து நிற்கும். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்கை மாற்றும் முன்பே இப்படிச் சோதித்தால், பிடிக்காதபோது கணினியை அணைத்துப் பென் டிரைவை உருவினால் பழையபடி விண்டோஸ். "அழிஞ்சிடுமோ" என்ற பயத்தாலேயே இந்தப் பக்கம் வராத பெற்றோர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சோதித்துப் பார்ப்பதால் எதுவும் அழியாது. நிறுவும்போதுதான் கவனம் தேவை.

நிறுவிய பின் நிரல் எழுதத் தேவையானதெல்லாம் பைசா செலவில்லாமல் கிடைக்கும். பைத்தான் அதிலேயே இருக்கும். சி, சி++ எழுதுவதற்கான ஜிசிசி ஒரே கட்டளையில் வந்துவிடும். நம் மாநிலப் பாடநூலில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கின்றன. கல்லூரி முதலாண்டிலும் ஏறத்தாழ இதே பாடங்கள்தான். புதிதாகக் கற்பவருக்கு தானி என்ற சிறு எடிட்டரைச் சொல்வேன். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது. நிரலின் ஒவ்வொரு வரியும் ஓடும்போது எந்த மாறிக்குள் என்ன மதிப்பு போகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும். டியூஷனுக்குப் போக வழியில்லாத பிள்ளைக்கு இதுவே பாதி ஆசிரியர். கொஞ்சம் பழகிய பிறகு ஜீனி என்ற எடிட்டருக்கு மாறலாம். விஎஸ் கோட் வேண்டும் என்று கல்லூரியில் சொன்னால் 4 ஜிபியில் அதுவும் ஓடும், கூடவே பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைக்காதவரை. உண்மையில் ராமைத் தின்பது நிரல் எழுதும் கருவிகளைவிட பிரவுசர்தான்.

வீட்டுக்கும் அதே கணினி ஆகும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியே சேர்த்துவிட்டால் கடிதமும் மனுவும் தமிழிலேயே லிப்ரே ஆஃபீஸில் அடிக்கலாம். பட்டா, சிட்டா பார்ப்பது, தேர்வாணைய விண்ணப்பம், உதவித்தொகைப் பதிவு எல்லாம் ஃபயர்பாக்ஸில் நடக்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் அப்டேட் தானாக ஓடாதபடி நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிடும்.

முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி ராமாவது வேண்டும். பழைய கணினியில் அதை நினைக்காதீர்கள். சில கைரேகைக் கருவிகளும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களும் விண்டோஸை மட்டுமே கேட்கும். வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ஒன்றரை கிலோவுக்குள் எடை, இது போதும். பேருந்தில் நின்றபடி திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போய்வரும் பிள்ளையின் தோளுக்கு அந்த எடை முக்கியம். சென்னை ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய திங்பேடுகளையும் பாருங்கள். விளையாட்டுக்கான கனத்த மடிக்கணினியைத் தவணையில் வாங்கித்தராதீர்கள்.

கற்றுக்கொள்ளத் துணை வேண்டுமா? விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு நம் மாவட்டத்திலேயே பத்தாண்டுக்கும் மேலாகக் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளை இலவசமாகக் கற்றுத்தருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழின் தளத்தில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கணினி வேலை என்றால் சென்னைக்குப் போனால்தான் என்ற காலமும் மெல்ல நகர்கிறது. திருவக்கரை இருக்கும் அதே வானூர் வட்டத்தில், திருச்சிற்றம்பலத்தில், 2024 பிப்ரவரியில் சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது; 31 கோடி ரூபாயில், 63,000 சதுர அடியில். அதன் மேசைகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் உட்கார வேண்டும் என்பது என் பேராசை. அதற்குப் பயிற்சி வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.

ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணையும் பீரோவின் மேல்தட்டையும் பாருங்கள். மடிக்கணினி இருந்தால் இறக்கித் துடைத்து, அதன் மாடல் எண்ணை எங்களுக்கு எழுதுங்கள். எதை மாற்ற முடியும், எந்த லினக்ஸ் பொருந்தும் என்று அடுத்த இதழில் மாடல் வாரியாகப் பதில் தருகிறோம். உங்களுக்கு அது தேவையில்லை என்றால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உங்கள் தெருவிலேயே கணினி படிக்கும் ஒரு பிள்ளை இருப்பாள், அவளிடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்