பாக் மடி, பீட்டில்ஸ் தீட்டா?

போன வாரம் ஹாஸ்டலில் கனடியன் பிராஸ் கச்சேரி வீடியோ ஒன்றைப் போட்டேன். பாக் முடியும் வரை ரூம்மேட் கண்ணை மூடித் தலையாட்டினான். அடுத்து பீட்டில்ஸின் 'பென்னி லேன்' ஆரம்பித்ததும், "கடை விரிச்சுட்டானுங்கடா. டிக்கெட் விக்கறதுக்குப் பண்ற வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். அப்போது எனக்கு வாயில் வராததையெல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

1970ல் டொராண்டோவில் ஆரம்பித்த குழு. ட்ரம்பெட் இரண்டு, ஹார்ன், ட்ராம்போன், ட்யூபா தலா ஒன்று. அவர்கள் பிரபலமாக வாசிக்கும் பாக்கின் ஜி மைனர் ஃப்யூக், ஆர்கனுக்காக எழுதப்பட்டது. பாக் இறந்தது 1750ல். ட்யூபாவுக்குக் காப்புரிமை வாங்கியது 1835ல். மனுஷன் அந்த வாத்தியத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! ஆக, அந்த பாக்கும் மாற்றி எழுதியதுதான், பீட்டில்ஸும் மாற்றி எழுதியதுதான். இதில் ஒன்று மட்டும் எப்படிங்க மடி ஆச்சாரம்?

பித்தளை வாத்தியம் ஐந்துக்கென்றே எழுதிய பழைய சரக்கு ரொம்பக் கம்மி. ரஷ்யாவில் விக்டர் எவால்ட் கொஞ்சம் எழுதினார். அவருக்குச் சோறு போட்டது சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் வேலை.

'பென்னி லேன்' கதை இன்னும் ஜோர். 1967ல் பால் மெக்கார்ட்னி டிவியில் பாக்கின் இரண்டாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைக் கேட்டார். அதில் பிக்கலோ ட்ரம்பெட் வாசித்த டேவிட் மேசனையே ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். நண்பர் எந்தப் பாட்டுக்கு முகம் சுளித்தாரோ, அதற்குள்ளேயே பாக் உட்கார்ந்திருக்கிறார்.

டிக்கெட் விற்பது பாவமா? (காமர்ஸ் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது!) லைப்சிக்கில் காற்று நன்றாக இருப்பதால் சாவு குறைந்துபோய், சவ அடக்க வருமானம் படுத்துவிட்டது என்று 1730ல் நண்பருக்குக் கடிதம் எழுதிப் புலம்பியவர் சாட்சாத் பாக்.

எனக்கும் ஒரு குறை உண்டு. சில குழுக்கள் இடைவேளைக்கு முன்னால் கஷாயம், பின்னால் கற்கண்டு என்று பிரித்து வைக்கிறார்கள். பாக்கை மூச்சுப் பிடித்து வாசித்துவிட்டு, சினிமாப் பாட்டு வந்ததும் கோமாளித்தனம் செய்து ஒப்பேற்றுகிறார்கள். திட்டுவதென்றால் அதைத் திட்டலாம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் மேற்கத்திய சங்கீதம் தெரியாது. நான் பாக்கிடம் போய்ச் சேர்ந்ததே அந்த 'பென்னி லேன்' ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொண்டுதான். அது மட்டமான வழி என்று ஒருத்தன் சொன்னால் சுருக்கென்று இருக்காதா?

டேய், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். இன்றைக்கு ராத்திரி விட்ட இடத்திலிருந்து போடுகிறேன். தூங்கினால் எழுப்புவேன்.